பழுப்புத் தகடு ஆனோடா, கேதோடா?

நெய்வேலி என்றதும் நம் நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரி. சக்கரத்தைச் சுற்றி வாளிகளைப் பூட்டியது போன்ற ராட்சத எந்திரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டே நகரும் காட்சியை நேரில் இல்லாவிட்டாலும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961-ல் மேல்மண்ணை அகற்றி நிலக்கரிப் படிவத்தைத் தொட்டார்கள். அடுத்த ஆண்டே, அதாவது 1962-ல், முதல் அனல் மின் நிலையத்தின் முதல் எந்திரம் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்த நிலையம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்துவிட்டு 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் பின்வந்த நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன.

இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்த செய்திகளே. நாம் இன்று பார்க்கப் போவது நெய்வேலியில் உள்ள வேறொரு பழுப்பு. அது சுரங்கத்தில் இல்லை. மின் நிலையத்தின் ஓர் அறைக்குள் இருக்கிறது.

டர்பைன் கூடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். பல டன் எடையுள்ள உருக்குத் தண்டு ஒன்று நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. அதைத் தாங்கி நிற்பவை பேரிங் எனப்படும் தாங்கிகள். தாங்கியின் உட்புறத்தில் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகக்கலவை பூசப்பட்டிருக்கும். தண்டு அந்த உலோகத்தை நேராகத் தொடுவதே இல்லை. இடையில் ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது மிதந்து சுற்றுகிறது. எண்ணெய் நின்றுபோனால்? சில விநாடிகளில் சூடேறி வெள்ளீயக் கலவை உருகும், தண்டு உரசும், பல கோடி ரூபாய் எந்திரம் பாழாகும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து.

ஒரு நள்ளிரவில் மின் தொடரமைப்பில் கோளாறு ஏற்பட்டு நிலையம் முழுவதும் மின்சாரம் இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்ப் பம்புகளுக்கு மின்சாரம் இல்லை. ஆனால் டர்பைன் தண்டு உடனே நின்றுவிடாது. ஓடிய வேகத்தில் இன்னும் பல நிமிடங்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மின்சாரத்தைத் தயாரிக்கும் இடத்திலேயே மின்சாரம் இல்லாத அந்த நிமிடங்களில் எண்ணெயை யார் தள்ளுவது?

இதற்காகவே எந்த அனல் மின் நிலையத்திலும் நேர்மின்னோட்டத்தில் ஓடும் அவசரப் பம்பு ஒன்று தயாராக இருக்கும். அதற்கு மின்சாரம் தருவது பேட்டரி அறை. அங்கே காரீய அமிலச் சேமக்கலங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் 2 வோல்ட் தரும். நம் நாட்டு நிலையங்களில் பொதுவாக வேண்டியது 220 வோல்ட். ஆகவே சுமார் 110 கலங்களைத் தொடராக இணைக்கிறார்கள். மின் இணைப்புகளைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை இயக்குவதும் இதே பேட்டரிதான்.

ஒளிபுகும் பெட்டியால் ஆன கலமாக இருந்தால் உள்ளே இருவகைத் தகடுகள் தெரியும். ஒன்று சாம்பல் நிறம். அது பஞ்சு போன்ற தூய காரீயம். மற்றொன்று சாக்லேட் போன்ற கரும்பழுப்பு நிறம். அது காரீய டையாக்சைடு. ஓர் உலோக ஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. தலைப்பில் உள்ள கேள்வி இந்தப் பழுப்புத் தகட்டைப் பற்றியதுதான்.

அண்ணனும் தங்கையும்

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா பேட்டரி அறையில் வேலை பார்ப்பவர். மகன் பன்னிரண்டாம் வகுப்பு; மகள் பத்தாம் வகுப்பு. சாப்பிடும்போது அப்பா சும்மா இராமல் கேட்கிறார்: “எங்கள் பேட்டரியில் பழுப்புத் தகடு ஆனோடா, கேதோடா?”

“ஆனோடு” என்கிறாள் மகள். “அது நேர்முனை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் அப்பா? ஆனோடு என்றால் நேர்மின்வாய். புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.”

“தப்பு” என்கிறான் மகன். “மின்கலத்தில் எதிர்முனைதான் ஆனோடு. நேர்முனை கேதோடு. நீ அடுத்த ஆண்டு படிப்பாய்.”

“அப்படியானால் எங்கள் புத்தகம் தப்பா, அண்ணா?”

அப்பா சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைகிறார். “இரண்டு பேரும் சரிதான். ஆனால் நீங்கள் இருவருமே என்னை ஒன்று கேட்கவில்லை. பேட்டரி அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது?”

இந்தச் சண்டை உங்கள் வகுப்பிலும் நடந்திருக்கும். நடக்காவிட்டால்தான் வியப்பு. ஏனென்றால் குழப்பத்தின் வேர் மாணவர்களிடம் இல்லை, சொற்களில் இருக்கிறது.

சூரியன் உதிக்கும் பக்கம்

1834-ஆம் ஆண்டு. மைக்கேல் ஃபாரடே மின்னாற்பகுப்புச் சோதனைகளைச் செய்து முடித்து அவற்றை எழுதிக்கொண்டிருந்தார். கரைசலுக்குள் மின்னோட்டம் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் பெயர் தேவைப்பட்டது. மின்சாரம் என்பது உண்மையில் என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆகவே பின்னால் எந்தக் கொள்கை வந்தாலும் பொய்த்துப் போகாத பெயராக வேண்டும் என்று ஃபாரடே விரும்பினார். கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் யோசனை கேட்டு எழுதினார்.

ஃபாரடேயின் மனத்தில் ஒரு படம் இருந்தது. பூமியின் காந்தத்துக்குக் காரணம் பூமியைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் என்று கொண்டால், அது கிழக்கிலிருந்து மேற்கே, சூரியன் போகும் திசையில் ஓட வேண்டும். மின்னாற்பகுப்புக் கலத்தையும் அதே போக்கில் வைத்துப் பாருங்கள். மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் தகடு கிழக்கே இருக்கும். அது சூரியன் ஏறும் பக்கம். வெளியேறும் தகடு மேற்கே இருக்கும். அது சூரியன் இறங்கும் பக்கம். ஹியூவெல் கிரேக்க மொழியிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துத் தந்தார். ஆனோடு என்றால் ஏறும் வழி. கேதோடு என்றால் இறங்கும் வழி.

இதில் நேர், எதிர் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆனோடு என்பது தகட்டின் குறியைச் சொல்லும் பெயர் அன்று. மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லும் பெயர்.

தமிழில் இதை மொழிபெயர்த்தபோது நம்மவர்கள் மின்னாற்பகுப்பை மட்டும் மனத்தில் வைத்து ‘நேர்மின்வாய்’, ‘எதிர்மின்வாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்முனையோடு இணைக்கப்படுவதால் அங்கே பெயர் பொருந்துகிறது. மின்கலத்துக்கு வந்ததும் “நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது” என்று எழுத வேண்டிய வேடிக்கை வந்து சேர்கிறது. ஏறுவாய், இறங்குவாய் என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இராது என்பது என் எண்ணம். இனி இக்கட்டுரையில் குறியைச் சொல்லும்போது நேர்முனை, எதிர்முனை என்றும், வேலையைச் சொல்லும்போது ஆனோடு, கேதோடு என்றும் எழுதுகிறேன். இரண்டையும் கலக்காதீர்கள்.

வேலை என்றேனே, அது என்ன வேலை? மின்னோட்டத்தின் திசைக்கு எதிராக எலக்ட்ரான்கள் நகர்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். மின்னோட்டம் ஒரு தகட்டிலிருந்து கரைசலுக்குள் நுழைகிறது என்றால், அத்தகட்டில் ஏதோ ஒரு பொருள் எலக்ட்ரானை இழந்து கம்பிக்குக் கொடுக்கிறது என்று பொருள். எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஆக்சிஜனேற்றம் நடக்கும் தகடு ஆனோடு. ஒடுக்கம் நடக்கும் தகடு கேதோடு. மின்கலமானாலும் மின்னாற்பகுப்பானாலும் இதற்கு விலக்கே கிடையாது.

மஞ்சள் காட்டும் சாட்சி

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் மஞ்சள்தூள் கரைசலைத் தடவி உலரவிடுங்கள். பிறகு சிறிது உப்புநீரால் ஈரமாக்குங்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்றின் இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து, இருபுறமும் சீவிய பென்சில்கள் இரண்டின் ஒரு முனையில் உள்ள கரிக்குச்சியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். மறு முனைகளை ஈரத்தாளின் மேல் ஒரு விரற்கடை இடைவெளியில் வையுங்கள். அரை நிமிடத்தில் ஒரு பென்சிலைச் சுற்றி மட்டும் தாள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வருமே, அதே சிவப்பு.

காரணமும் ஒன்றுதான், அங்கே காரம் உண்டாகியிருக்கிறது. நீர் எலக்ட்ரானைப் பெற்று ஒடுக்கமடைந்து ஹைட்ரஜன் வாயுவாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் மாறுகிறது. ஹைட்ராக்சைடு அயனி மஞ்சளைச் சிவக்க வைக்கிறது. ஒடுக்கம் நடக்கும் இடம் ஆனதால் அந்தப் பென்சில் கேதோடு. மற்றப் பென்சிலிடம் மிகச் சிறிதளவு குளோரின் தோன்றி மஞ்சள் வெளிறக்கூடும். சன்னலைத் திறந்து வைத்து ஓரிரு நிமிடங்களில் சோதனையை முடித்துவிடுங்கள்.

சிவந்த பென்சிலின் கம்பியைப் பின்தொடர்ந்து போனால் அது பேட்டரியின் எதிர்முனையில் போய் முடியும். குறி அழிந்துபோன பேட்டரியின் முனைகளை இப்படியே கண்டுபிடிக்கலாம், வோல்ட்மீட்டர் தேவையில்லை. ஆனால் இன்னும் சுவையான செய்தி ஒன்று உண்டு. பேட்டரியின் எதிர்முனைக்கு உள்ளே துத்தநாகம் எலக்ட்ரானை இழந்துகொண்டிருக்கிறது. அது ஆக்சிஜனேற்றம்; எனவே அது ஆனோடு. ஒரே கம்பி. அதன் ஒரு நுனியில் ஆனோடு, மறு நுனியில் கேதோடு! இரண்டும் எதிர்க்குறி உடையவை. தங்கையும் அண்ணனும் இந்தக் கம்பியின் இரு நுனிகளில் நின்றுகொண்டுதான் சண்டை போட்டார்கள்.

தகட்டுக்குள் நடப்பது

இப்போது பழுப்புத் தகட்டுக்கு வருவோம். காரீய டையாக்சைடில் காரீயத்தின் ஆக்சிஜனேற்ற எண் +4. காரீயம் இதற்கு மேல் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். நள்ளிரவில் அவசரப் பம்பு ஓடத் தொடங்கியதும் அதுதான் நடக்கிறது. ஆக்சைடு அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளையும் சல்ஃபேட்டு அயனியையும் எடுத்துக்கொண்டு, கம்பி வழியாக வரும் இரண்டு எலக்ட்ரான்களையும் பெற்று, காரீய சல்ஃபேட்டாகவும் நீராகவும் மாறுகிறது. காரீயம் +4-லிருந்து +2-க்கு இறங்கிவிட்டது. இது ஒடுக்கம். ஆகவே பேட்டரி வேலை செய்யும்போது பழுப்புத் தகடு கேதோடு.

அந்த இரண்டு எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன? சாம்பல் நிறத் தகட்டிலிருந்து. அங்கே தூய காரீயம் 0-விலிருந்து +2-க்கு ஏறி, சல்ஃபேட்டு அயனியோடு சேர்ந்து அதுவும் காரீய சல்ஃபேட்டாகிறது. ஏறுவதும் இறங்குவதும் கடைசியில் ஒரே பொருளில் வந்து சந்திக்கின்றன. இரண்டு தகடுகளிலும் சல்ஃபேட்டே உண்டாகிறது என்பதை 1882-ல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு வேதியியலார் எடுத்துக்காட்டினார்கள். அமிலத்திலிருந்து சல்ஃபேட்டு போய்விடுவதால் அமிலம் நீர்த்துப் போகிறது. கார் பேட்டரி முழுதும் மின்னேற்றம் பெற்றிருக்கும்போது அமிலத்தின் ஒப்படர்த்தி சுமார் 1.28, மின்சாரம் தீர்ந்ததும் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். பேட்டரிக் கடைக்காரர் ரப்பர்க் குமிழுள்ள கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பது இதற்காகத்தான்.

மின்சாரம் திரும்பி வந்ததும் பேட்டரிக்கு மின்னேற்றம் தொடங்குகிறது. மின்னேற்றியின் நேர்முனை பேட்டரியின் நேர்முனையோடு இணைக்கப்படுகிறது. மின்னோட்டம் இப்போது தலைகீழாகப் போகிறது. பழுப்புத் தகட்டிலிருந்த சல்ஃபேட்டிடமிருந்து எலக்ட்ரான்கள் பிடுங்கப்படுகின்றன. காரீயம் +2-லிருந்து மீண்டும் +4-க்கு ஏறி ஆக்சைடாகிறது. இது ஆக்சிஜனேற்றம். எனவே மின்னேற்றத்தின்போது அதே பழுப்புத் தகடு ஆனோடு!

தகடு மாறவில்லை. அதன் குறியும் மாறவில்லை. பேட்டரியின் மேல் பொறித்த கூட்டல் குறியை யாரும் அழித்து எழுதுவதில்லை. மாறியது வேலை மட்டுமே. அப்பா கேட்ட எதிர்க்கேள்வியின் பொருள் இப்போது விளங்குகிறதா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் துணையோடு இதைக் கண்ணால் காணலாம். 1859-ல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளான்டே காரீய அமிலச் சேமக்கலத்தைக் கண்டுபிடித்தது ஏறத்தாழ இதே முறையில்தான். நன்கு தேய்த்துச் சுத்தம் செய்த இரண்டு காரீயப் பட்டைகளை நீர்த்த கந்தக அமிலத்தில் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். நடுவில் சுழியுள்ள அம்மீட்டர் ஒன்றையும் தக்க மின்தடை ஒன்றையும் தொடரில் சேர்த்து, 6 வோல்ட் பேட்டரியால் பத்து நிமிடம் மின்னோட்டம் செலுத்துங்கள். நேர்முனையோடு இணைத்த பட்டை மெல்லப் பழுப்பு நிறம் கொள்ளும். அம்மீட்டர் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறிய டார்ச்சு பல்பை இணைத்துப் பாருங்கள். முள் சுழியைத் தாண்டி மறுபக்கம் சாயும். பல்பு எரியாவிட்டாலும் கவலை வேண்டாம். முள் சொன்னதே போதும். பழுப்புப் பட்டை ஆனோடாக இருந்து கேதோடாக மாறிய கணம் அது. அமிலம் துணியில் பட்டால் ஓட்டை விழும். கண்ணில் பட்டால் பேராபத்து. காரீயம் நச்சுப்பொருள் ஆனதால் சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பலவீனமான கலம்

மேலே சொன்னதில் குறி மாறவில்லை, வேலை மாறியது. இதற்கு நேர்மாறாக, வேலை மாறாமல் குறி மாறும் நிலை ஒன்றும் உண்டு. பேட்டரி அறைக்காரர்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

தொடராக இணைத்த 110 கலங்களில் ஒன்று மட்டும் பழுதடைந்து பலவீனமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் பம்பு ஓடுகிறது. எல்லாக் கலங்கள் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போக வேண்டும். பலவீனக் கலத்தில் இருந்த சிறிதளவு ஆக்சைடு முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. மற்ற 109 கலங்கள் விடுமா? தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியாகவும் தள்ளுகின்றன. இப்போது அந்தக் கலம் மின்சாரம் தரும் கலம் அன்று, மின்னாற்பகுப்புக் கலம். அதன் பழுப்புத் தகட்டில் ஒடுக்கம் தொடர்கிறது. சல்ஃபேட்டு காரீயமாகிறது, ஹைட்ரஜன் குமிழியிடுகிறது. சாம்பல் தகட்டில் ஆக்சிஜனேற்றம் தொடர்கிறது. அங்கே ஆக்சைடு படியத் தொடங்குகிறது. கேதோடு கேதோடாகவே இருக்கிறது, ஆனோடு ஆனோடாகவே இருக்கிறது. ஆனால் வோல்ட்மீட்டரை வைத்தால் கூட்டல் குறி போட்ட முனை எதிர்க்குறி காட்டும்! அந்தக் கலம் தன் 2 வோல்ட்டைத் தராதது மட்டுமன்றி மற்றவை தரும் வோல்ட்டையும் தின்கிறது. தகடுகளும் கெடுகின்றன.

அதனால்தான் மொத்தம் 220 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு கலத்தின் வோல்ட் அளவையும், அமிலத்தின் அடர்த்தியையும் தனித்தனியே பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் டர்பைன் தண்டு எண்ணெயில் மிதப்பதும் உலோகத்தில் உரசுவதும் அந்தக் குறிப்பேட்டைப் பொறுத்திருக்கிறது.

தான் மாறாத ஆக்சைடு

காரீய டையாக்சைடு தானே வினையில் கலந்துகொள்ளும் ஆக்சைடு. சில ஆக்சைடுகள் அப்படி இல்லை. அவை மேடை போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும், ஆடுவது வேறொன்று. அத்தகைய ஆக்சைடைப் பார்க்க நாம் நெய்வேலியை விட்டு மேட்டூருக்கும் காரைக்குடிக்கும் போக வேண்டும்.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1936-ல் அங்கே மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் தோன்றியது. உப்புக் கரைசலை மின்னாற்பகுத்து எரிசோடாவும் குளோரினும் எடுப்பது இத்தகைய ஆலைகளின் தொழில். குளோரைடு அயனி எலக்ட்ரானை இழந்து குளோரின் ஆகும் தகடு ஆனோடு. உலகெங்கும் பல காலம் இதற்குக் கிராஃபைட்டையே பயன்படுத்தினார்கள். ஆனால் கிராஃபைட்டு மெல்ல மெல்ல அரிக்கப்பட்டுத் தேய்ந்துபோகும். தேயத் தேய இரு மின்வாய்களுக்கும் இடைவெளி கூடும், மின்செலவு ஏறும்.

டைட்டேனியம் குளோரினுக்கு அசையாத உலோகமாயிற்றே, அதைப் போட்டால் என்ன? அதில் ஒரு சிக்கல் உண்டு. டைட்டேனியத்தை ஆனோடாக்கினால் அதன் மேல் டைட்டேனியம் டையாக்சைடு படலம் தோன்றி மின்னோட்டத்தை அடைத்துவிடும். அதையே கேதோடாக்கினால் மின்னோட்டம் போகும்! சைக்கிள் டியூபின் வால்வு காற்றை ஒருபுறம் மட்டும் விடுவது போல. இத்தகைய உலோகங்களுக்கு வால்வு உலோகங்கள் என்றே பெயர்.

இந்த அடைப்பை உடைத்தவர் ஹென்றி பியர் என்ற டச்சுக்காரர். டைட்டேனியத்தின் மேல் ருத்தேனியம் டையாக்சைடும் டைட்டேனியம் டையாக்சைடும் கலந்த மெல்லிய பூச்சைச் சுட்டு ஏற்றினார். ருத்தேனியம் ஆக்சைடு உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும். 1965-ல் இதற்குக் காப்புரிமை கோரினார். பூச்சு தேய்வதில்லை என்று சொல்லும் அளவுக்கு உழைத்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் உருவாகி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகள் இத்தகைய டைட்டேனிய ஆனோடுகளைத் தாங்களே உருவாக்கி, தொழிற்சாலைகளுக்கு அந்த நுட்பத்தை வழங்கினார்கள்.

இங்கே ஆனோடா கேதோடா என்பதை ஆக்சைடைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பரப்பில் குளோரின் வருகிறதா ஹைட்ரஜன் வருகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதைத் தவறிக் கேதோடாக இணைத்தால் அடியிலுள்ள டைட்டேனியம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

டார்ச்சிலும் தொலைபேசியிலும்

மாங்கனீஸ் டையாக்சைடின் கதை இன்னும் விந்தையானது. டார்ச்சுப் பேட்டரியின் கருப்புப் பொடி அதுதான். 1866-ல் லெக்லாஞ்சே அதைக் கலத்தில் பயன்படுத்தினார். மாங்கனீஸ் +4-லிருந்து +3-க்கு இறங்குவதால் அங்கே அது கேதோடு. ஆனால் உயர்தரப் பொடியைத் தயாரிக்கும் முறையைப் பாருங்கள். சூடான மாங்கனீஸ் சல்ஃபேட்டுக் கரைசலில் மின்னோட்டம் செலுத்துகிறார்கள். +2 நிலையிலுள்ள மாங்கனீஸ் +4-க்கு ஏறி ஆனோடின் மேல் படிகிறது. அதைச் சுரண்டிப் பொடியாக்குகிறார்கள். ஆனோடில் பிறந்து கேதோடாக வாழும் ஆக்சைடு அது.

கைப்பேசிகளில் உள்ள லித்தியம் அயனி பேட்டரியின் நேர்முனையில் பெரும்பாலும் ஓர் உலோக ஆக்சைடுதான் இருக்கிறது. லித்தியம் கோபால்ட்டு ஆக்சைடு இதற்கு ஏற்றது என்று 1980-ல் ஜான் குட்எனஃபின் குழுவினர் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறிந்தனர். குட்எனஃப் 2019-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பேட்டரித் தொழிலில் இந்த ஆக்சைடை எப்போதும் ‘கேதோடு பொருள்’ என்றே அழைக்கிறார்கள். மின்னிறக்கத்தின்போது செய்யும் வேலையை வைத்துப் பெயரை நிலையாக்கிவிட்டார்கள். அது ஒரு வசதி, அவ்வளவே. இரவில் மின்னேற்றியில் செருகிவிட்டு நீங்கள் தூங்கும்போது அந்தக் ‘கேதோடு’ உண்மையில் ஆனோடாகத்தான் இருக்கிறது.

ஆக்சைடு என்றாலே நேர்முனைதான் என்றும் எண்ணிவிடாதீர்கள். டைட்டேனியத்தின் ஆக்சைடான லித்தியம் டைட்டனேட்டு, லித்தியம் உலோகத்தைவிடச் சுமார் 1.55 வோல்ட் மேலே நிற்பது. கோபால்ட்டு ஆக்சைடோ லித்தியத்தைவிடச் சுமார் 3.9 வோல்ட் மேலே நிற்பது. ஆய்வுக்கூடத்தில் டைட்டனேட்டை லித்தியம் உலோகத்துக்கு எதிரே வைத்துக் கலம் செய்தால், கலம் மின்சாரம் தரும்போது டைட்டனேட்டே நேர்முனை, ஒடுக்கமடையும் கேதோடு. அதையே கோபால்ட்டு ஆக்சைடுக்கு எதிரே வைத்து மின்னேற்றிவிட்டால் டைட்டேனியத்தில் ஒரு பகுதி +3-க்கு இறங்கிக் காத்திருக்கும். பிறகு மின்சாரம் எடுக்கும்போது அது மீண்டும் +4-க்கு ஏறும். டைட்டனேட்டு எதிர்முனை, ஆனோடு. வேகமாக மின்னேற்றம் பெற வேண்டிய சில பேருந்துப் பேட்டரிகளில் அது இருப்பது இந்த இரண்டாவது வேலையில்தான்.